கலாவும் கரண்ட் மேளமும்

எம்.ஐ.ஏ. என்கிற மாயா அருள்பிரகாசம் 2007ல் வெளியிட்ட 'கலா' ஆல்பத்தைப் பற்றிய அபிப்பிராயங்களை இரண்டு மூட்டையாகக் கட்டிவிடலாம். ஒரு மூட்டையில் 'அபாரம்'. இன்னொன்றில் 'இரைச்சல்'. அமெரிக்காவின் 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அந்த வருஷத்து ஆல்பங்களில் அதற்குத்தான் முதலிடம் கொடுத்தது. மார்கழி வந்தால் சபா சபாவாக ஏறி இறங்கும் என் நண்பர் ஒருவர் ஒன்றரைப் பாட்டு கேட்டுவிட்டு, "அந்த மிக்ஸியை நிறுத்துங்கோ" என்றார். இரண்டு தரப்புமே நாற்காலியில் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள் என்பது என் சந்தேகம்.

ஆளைத் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. மாயாவின் முழுப் பெயர் மாதங்கி. 1975ல் லண்டனில் பிறந்து, ஆறு மாசக் குழந்தையாக யாழ்ப்பாணம் போய், அங்கே சண்டை முற்றியதும் அம்மாவுடன் அகதியாக மறுபடி லண்டனுக்கே வந்து சேர்ந்தவர். படித்தது கலைக் கல்லூரியில், படமும் சினிமாவும். சங்கீதம் இல்லை. ரோலண்ட் எம்.சி.505 என்று ஒரு பெட்டி கையில் கிடைத்தது. தாளம், பேஸ், கீபோர்டு சத்தம் எல்லாம் அடக்கம், ஹார்மோனியத்தைவிடச் சின்னது. அதைத் தட்டித் தட்டியே பாட்டுக் கட்டினார். 2005ல் வந்த முதல் ஆல்பம் 'அருளர்', அப்பாவின் இயக்கப் பெயர். அடுத்தது 'கலா', அம்மா பெயர். அப்புறம் 'மாயா' (2010), 'மாதங்கி' (2013). ரேஷன் கார்டையே டிஸ்கோகிராஃபி ஆக்கிவிட்ட ஒரே பாடகி இவராகத்தான் இருக்க வேண்டும். எம்.ஐ.ஏ. என்பது போரில் காணாமல் போனவர்களைக் குறிக்கும் ராணுவச் சுருக்கெழுத்து. அதை விளையாட்டுக்கு வைத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

'கலா'வை அமெரிக்காவில் உட்கார்ந்து செய்வதாக ஏற்பாடு. விசா தகராறாகிவிட்டது. சரி என்று இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஜமைக்கா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போய்ச் சத்தம் சேர்த்தார். சென்னையில் ஏ.ஆர். ரஹ்மான் தன் ஸ்டூடியோவைக் கொடுத்து உதவினார். அங்கே கூட்டமாக உட்காரவைத்து, சரியாகச் சொன்னால் நிற்கவைத்து, அடிக்கச் சொன்ன உறுமிதான் 'பேர்ட் ஃப்ளூ' பாட்டுக்கு முதுகெலும்பு. 'பாய்ஸ்' பாட்டிலும் அந்தக் குடும்பத்துச் சத்தம்தான். ஆல்பத்தின் முதல் பாட்டான 'பாம்பூ பங்கா'வில் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் 1991 தீபாவளிக்கு வந்த 'தளபதி'யின் 'காட்டுக்குயிலு' அகப்படும். 'பேர்ட் ஃப்ளூ'வுக்குள் 2003ல் வந்த 'ஜெயம்' படத்தின் திருவிழாப் பாட்டு ஒன்று ஒளிந்திருக்கிறது. மேலே கோழி கத்துகிறது, பிள்ளைகள் கூச்சல் போடுகிறார்கள், நடுவே மாயா சந்தையில் கூவி விற்பதுபோலப் பாடுகிறார். வெள்ளைக்கார விமர்சகர்கள் 'எதிர்காலத்தின் ஒலி' என்கிற தோரணையில் எழுதினார்கள். நமக்கோ ஒலிபெருக்கிக் குழாய் கட்டிய மாரியம்மன் கோயில் வாசல்.

அதனால்தான் இதைத் தஞ்சாவூருக்கு எடுத்துக்கொண்டு போனேன். கையில் போன், பையில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர், நாலு நாள். 2007 ஆல்பம் இப்போது என்ன புதுசு என்று கேட்காதீர்கள். நான் போட்டுக் காட்டியவர்களில் ஒருவர்கூட மாயா பெயரைக் கேள்விப்பட்டதில்லை. கேட்காத காதுக்கு எதுவும் புது ஆல்பம்தான்.

தஞ்சாவூர் என்றால் திருவையாறு, தியாகராஜர், தையில் வரிசையாக உட்கார்ந்து பஞ்சரத்தினம் என்றுதான் நமக்கு ஞாபகம் வரும். அது உட்கார்ந்து கேட்கிற பாதி. நடந்துகொண்டே கேட்கிற பாதி ஒன்று இருக்கிறது. சாமி புறப்பாட்டுக்கு மல்லாரி வாசிப்பார்கள், கம்பீரநாட்டையில். கேட்டிருப்பீர்கள். அதில் சாகித்தியம் கிடையாது. 'என்னைக் காப்பாற்று' கிடையாது, 'நீயே கதி' கிடையாது. நாதசுரமும் தவிலும் கணக்கும் மட்டும். தேருக்கு ஒன்று, தளிகைக்கு ஒன்று, தீர்த்தம் கொண்டுவர ஒன்று என்று வேலைக்குத் தகுந்த மல்லாரி உண்டு. பல்லக்கு தூக்குகிறவர்களின் தோளும் காலும் அந்த நடைக்குக் கட்டுப்படும். சாமி ஆடி ஆடி வருவார். இது டான்ஸ் மியூசிக் இல்லை என்றால் வேறு எது? இதையே டிசம்பர் சீசனில் சபா மேடைக்குக் கூட்டிவந்து, முதல் நாள் மங்கள இசை என்று ஒன்றரை மணி நேரம் ஒதுக்கி, காலி நாற்காலிகளுக்கு வாசிக்க வைக்கிறோம். தவில் காதைத் துளைக்கிறது என்று புகார் வேறு. திறந்த வெளியில் நாலு வீதிக்குக் கேட்பதற்காகச் செய்த வாத்தியத்தை ஏ.சி. ஹாலில் அடைத்தால் துளைக்கத்தான் செய்யும். 'கலா'வை ஹெட்போனில் கேட்டு இரைச்சல் என்பதும் இதே கேஸ்தான்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் ஒரு தவில் வித்வான். எழுபது தாண்டியவர், இப்போது அதிகம் வெளியே வாசிப்பதில்லை. திண்ணையில் உட்கார்ந்து 'பேர்ட் ஃப்ளூ'வை முழுசாகக் கேட்டார். முதலில் தலை ஆடியது. பாதியில் நின்றுவிட்டது. முடிந்ததும், "உறுமி சுத்தமா இருக்கு சார். ஆள் வாசிக்கிறான், மெஷின் இல்லை. அந்த இழுப்பு மெஷினுக்கு வராது" என்றார். உறுமியின் ஒரு பக்கத்தை அடிப்பார்கள், இன்னொரு பக்கத்தை வளைந்த குச்சியால் தேய்ப்பார்கள். அந்தத் தேய்ப்பில் வருகிற உறுமலுக்குத்தான் அந்தப் பெயர். லண்டனில் யாரும் விமர்சனத்தில் எழுதாத விஷயத்தை முதல் வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

"அப்ப நல்லா இருக்குங்கறீங்களாய்யா?"

"இருங்க. எடுத்தாங்க, சரி. நடை போட்டாங்க, சரி. தீர்மானம் எங்க? மூணு நிமிஷமா அதே சொல்லு. எங்கயாவது ஒரு மோரா வச்சு இறக்கணுமா இல்லையா? சோறு வடிச்சாச்சு, குழம்பு கொதிக்குது, இலையே போடலியே!"

எலெக்ட்ரானிக் டான்ஸ் இசையைப் பற்றி நான் படித்த எத்தனையோ பக்க விமர்சனங்களில் இதைவிடத் துல்லியமான ஆட்சேபணை கிடையாது. ஒரு துண்டுச் சத்தத்தை வெட்டி, வட்டமாக ஒட்டி, சுழல விட்டுவிடுவதுதான் அந்த வித்தையின் அடிப்படை. வட்டத்துக்கு முடிவு எங்கே வரும்? தவில்காரர் பத்து நிமிஷம் கணக்குப் போட்டு, கேட்பவரைத் தவிக்கவிட்டு, சமத்தில் வந்து விழும்போது கிடைக்கிற அந்த 'ஹா!' இந்த ஆல்பத்தில் ஒரு இடத்தில்கூட இல்லை. பெரியவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அந்தத் தீர்ப்புக்கு அப்பீல் வந்தது. ஒரத்தநாடு போகிற வழியில் ரோட்டோர டீக்கடை. நடவு வேலைக்குப் போய்வந்த பெண்கள் நாலைந்து பேர் வேன் வருவதற்காக நின்றுகொண்டிருந்தார்கள். 'பாய்ஸ்' போட்டேன். சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அறுபது வயசு அம்மா ஒருவர் மட்டும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "இது நடவுக்கு ஆவும் தம்பி" என்றார்.

"எப்படிம்மா?"

"நிக்காம ஓடுதுல்ல. நடவுக்குப் பாட்டு நிக்கக் கூடாது. ஒருத்தி எடுத்துக் கொடுப்பா, மத்தவ எல்லாம் அதையே சொல்லணும். கையி பாட்டுக்கு நாத்து பிரிச்சு ஊனிக்கிட்டே போவும்."

"பாட்டை எங்க முடிப்பீங்க?"

"வரப்பு வந்தா முடியும்."

வட்டத்துக்கு முடிவு எங்கே என்ற என் கேள்விக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. குனிந்த முதுகு வலியை மறக்கவேண்டும், பத்துப் பேர் ஒரே வேகத்தில் பின்னால் நகரவேண்டும். அங்கே மோரா வைத்து நிறுத்தினால் வேலை கெடும். ஆக டெல்டாவில் இரண்டு இலக்கணமும் இருக்கிறது. கோயில் வீதியில் தீர்மானம், வயலில் வட்டம். மாயாவின் ஆல்பம் இரண்டாவது ஜாதி. அதை முதல் ஜாதியின் சட்டத்தை வைத்து ஃபெயிலாக்கினால் நியாயமில்லை. லண்டனிலும் இரவு முழுக்க ஆடுகிறவனுக்கு பாட்டு முடிவது பாட்டினால் அல்ல, விடிந்தால்தான். (நடவுக்கு இப்போது இயந்திரம் வந்துவிட்டது. அது வருகிற வயலில் பாட்டு இல்லை. டிரைவர் இயர்போன் மாட்டியிருக்கிறார்.)

எல்லோரும் இப்படி இசை ஆராய்ச்சியில் இறங்கவில்லை. தங்கியிருந்த லாட்ஜில் ரூமில் போட்டபோது, சாவி கொடுக்க வந்த பையன் வாசலில் நின்று, "சார், யாராச்சும் தவறிட்டாங்களா?" என்றான். கிண்டல் இல்லை, நிஜமாகவே பயந்துவிட்டான். உறுமி சத்தம் கேட்டால் ஒன்று அம்மன் கொடை, இல்லை சாவு. பொறியியல் மாணவன் ஒருவன் 'பழைய ஸ்டைல், டிராப்பே இல்லை' என்று இரண்டு வார்த்தையில் முடித்துக்கொண்டான். திருவையாற்றில் தை தவறாமல் ஆஜராகும் ஒரு பெரியவர் பத்து செகண்டில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். "பறை மாதிரின்னா இருக்கு" என்றார், ஏதோ வியாதியின் பெயரைச் சொல்வதுபோல. இதை அபிப்பிராயம் என்று பட்டியலில் சேர்க்கத் தயக்கமாக இருக்கிறது. அவர் கேட்டது சத்தத்தை அல்ல, அடிப்பவன் எந்தத் தெரு என்பதை. நம் ஊரில் இரைச்சல், இசை என்ற பாகுபாட்டில் பாதி காதிலேயே தீர்மானமாவதில்லை.

சரி, என் அபிப்பிராயம் என்ன என்று கேட்பீர்கள். 'பேர்ட் ஃப்ளூ', 'பாய்ஸ்', 'பேப்பர் பிளேன்ஸ்' மூன்றும் அசல். 'பேப்பர் பிளேன்ஸ்' எல்லோருக்கும் பழக்கமானது. 2008ல் 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்திலும் வந்தது. விசா கொடுக்காதவர்கள் மேல் இருந்த எரிச்சலைக் குழந்தைகள் கோரஸ், துப்பாக்கிச் சத்தம், கல்லாப்பெட்டி 'டிங்' எல்லாம் சேர்த்துத் தாலாட்டாக ஆக்கியது பெரிய சாமர்த்தியம். 'ஜிம்மி', 1982ன் 'டிஸ்கோ டான்ஸர்' பாட்டின் மறுபதிப்பு. பாஸ்போர்ட் ஆபீஸ் ஜெராக்ஸ் மாதிரி இருக்கிறது. கடைசிப் பாட்டுக்குப் பெரிய அமெரிக்கத் தயாரிப்பாளர் டிம்பலாண்ட் வந்து சேர்கிறார். அது இல்லாமலே ஆல்பம் முடிந்திருக்கலாம். விசா முன்னாலேயே கிடைத்திருந்தால் முழு ஆல்பமும் இந்த லட்சணத்தில் இருந்திருக்கும் என்று நினைத்து அந்த கான்சுலேட்டுக்கு மானசீகமாக நன்றி சொன்னேன்.

தவில் வித்வானிடம் திரும்புகிறேன். கிளம்பும்போது, "இந்தப் பொண்ணு எத்தனை பேரை வச்சு அடிக்க வச்சிருக்கு?" என்று கேட்டார். கூட்டமாக என்றேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நம்ம கோயில்ல போய்ப் பாருங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். உங்கள் ஊர்க் கோயிலிலும் இருக்கும். சுவரோரம் ஒரு இரும்பு ஸ்டாண்டு. அதில் ஒரு சின்ன முரசு, ஒரு மணி, ஒரு சேகண்டி. கீழே மோட்டார். தீபாராதனை நேரத்தில் குருக்கள் சுவிட்சைத் தட்டுகிறார். 'டங்கு டங்கு டிங்' என்று அது பாட்டுக்கு அடிக்கிறது. லோ வோல்டேஜ் வந்தால் விளம்ப காலம். கரண்ட் போனால் தனி ஆவர்த்தனம் முடிந்தது. தீர்மானம் வைக்காது, ஆனால் சம்பளம் கேட்காது. திருமணத்துக்கு அதிக ரேட் வந்தது என்று லீவு போடாது. முன்பு ஒரு நாதசுரம், ஒரு தவில், ஒரு ஒத்து, ஒரு தாளம் என்று நாலு குடும்பம் சாப்பிட்ட இடத்தில் ஒரு பிளக் பாயிண்ட். ஒத்துக்காரர் இதற்கு முன்னாலேயே போய்விட்டார். 1970களின் கடைசியில் பெங்களூரில் பிறந்த எலெக்ட்ரானிக் சுருதிப்பெட்டி அவர் இடத்தில் மெதுவாக உட்கார்ந்துகொண்டது. அதை யாரும் எலெக்ட்ரானிக் இசை என்று திட்டவில்லை.

இப்போது கணக்கைப் பாருங்கள். கம்ப்யூட்டர், சீக்வென்சர், டிஸ்கோ என்று நாம் முகம் சுளிக்கிற லண்டன் ஆல்பத்தில் ஆள் ஆளாக நின்று, வியர்த்து, தோல் வாத்தியம் அடிக்கிறார்கள். ஆயிரம் வருஷப் பாரம்பரியம் என்று நாம் கன்னத்தில் போட்டுக்கொள்கிற சன்னிதியில் மெஷின் அடிக்கிறது. 'கலா'வை இரைச்சல் என்ற எத்தனை பேர் இந்த மோட்டாருக்கு எதிரில் நின்று கண்ணை மூடிக் கும்பிடுகிறார்கள்? நரசிங்கம்பேட்டை நாதசுரத்துக்கு 2022ல் புவிசார் குறியீடு கொடுத்தோம். ஆச்சா மரத்தில் கடையும் வாத்தியத்துக்கு சர்டிபிகேட் ரெடி. வாசிப்பவருக்குக் கோயிலில் சம்பளம் ரெடியா?

மாயாவை ஒரேயடியாகத் தூக்கிவைக்கவும் மனசு வரவில்லை. 2007ல் ஒரு பேட்டியில் அவர் கொதித்துப்போய்ப் பேசினார்: ஆல்பத்தில் நல்லதாக எது இருந்தாலும் டிப்ளோ என்கிற ஆண் தயாரிப்பாளர் செய்தது என்று பத்திரிகைகள் எழுதுகின்றனவே என்று. நியாயமான கோபம். ஆனால் அதே பத்திரிகைகளில் அந்த உறுமிக்காரர்கள் யார் என்று தேடிப் பார்த்தேன். 'இந்திய டிரம்ஸ்' என்று இருந்தது, 'பழங்குடித் தாளம்' என்றுகூட இருந்தது. பெயர் ஒன்றும் என் கண்ணில் படவில்லை. 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் லண்டன் 'தி க்ளாஷ்' குழுவின் பழைய பாட்டு ஒன்றின் துண்டு இருக்கிறது. அதற்காக அந்தக் குழுவினர் நாலு பேரும் பாட்டை எழுதியவர்கள் வரிசையில் சேர்க்கப்பட்டார்கள். எழுதியவருக்கு ராயல்டி, அடித்தவருக்கு அன்றையச் சம்பளம். இது ஸ்டூடியோ உலகத்தின் பொது வழக்கம், கோடம்பாக்கம் உட்பட.

இந்த விஷயத்தில் தஞ்சாவூருக்கு வேறு ஒரு முன்மாதிரி இருக்கிறது. பெரிய கோயில் சுவரில் ராஜராஜன் வெட்டிவைத்த கல்வெட்டு. ஆடுவதற்காகக் கொண்டுவந்த 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர்கள், ஒவ்வொருவரும் எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது உட்பட, வரிசையாக இருக்கின்றன. நட்டுவனார், பாடுபவர், கொட்டுபவர் எல்லோருக்கும் பங்கு. ஒரு பங்குக்கு வருஷத்துக்கு நூறு கலம் நெல். அவர்கள் இறந்துபோனால் அந்தப் பங்கு யாருக்குப் போகவேண்டும் என்பதுகூட எழுதியிருக்கிறது. நெருங்கிய உறவில் தகுதியுள்ளவருக்கு. உலகத்தின் மிக நீளமான ஆல்பம் கிரெடிட் அதுதான் என்று வைத்துக்கொள்ளலாம். அந்த ஏற்பாட்டில் அந்தப் பெண்களுக்கு எவ்வளவு சுதந்திரம் இருந்தது என்பது வேறு வழக்கு. பெயர் இருக்கிறது, நெல் அளவு இருக்கிறது.

திரும்பும் வழியில் திருச்சியில் யாழ்ப்பாணத்து ஆசிரியை ஒருவரைப் பார்த்தேன். 1990ல் படகில் வந்தவர், எழுபதைத் தொட்டிருப்பார். 'பாம்பூ பங்கா', 'பாய்ஸ்' இரண்டையும் பொறுமையாகக் கேட்டார். "ஒரு சொல்லும் விளங்கேல்லைத் தம்பி. பிள்ளை ஏன் இப்பிடிக் கத்துறாள்?" என்றார். ஆல்பத்தின் பெயர் என்ன என்று கேட்டார். சொன்னேன். யார் கலா என்றார். அம்மா என்றேன், இரண்டு பெண், ஒரு பையனை வைத்துக்கொண்டு லண்டனில் தையல் வேலை செய்து வளர்த்தவர். ஆசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "தாயிண்ட பேரை வைச்சிருக்கிறாள். அது காணும். இன்னொருக்காப் போடுங்கோ" என்றார். இரண்டாவது தடவை கை நாற்காலிப் பிடியில் தாளம் போட்டது. அவர் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒருவரை விட்டுவிட்டேன். தஞ்சாவூரில் கரகாட்டக் குழு ஒன்றில் ரிதம் பேட் வாசிக்கிற பையன். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயசிருக்கும். முன்பு நையாண்டி மேளத்தில் பம்பை, உறுமி என்று ஆறேழு பேர் நின்ற இடத்தில் இப்போது இவனும் ஒரு கீபோர்டும் நாதசுரமும் தவிலும். 'பேர்ட் ஃப்ளூ' ஆரம்பித்து அரை நிமிஷம் ஆகவில்லை, துள்ளி எழுந்தான். "சார், இது 'ஜெயம்' படப் பாட்டு! சுட்டுட்டாங்க சார்!" இத்தனை வருஷத்தில் நான் சந்தித்தவர்களில் யாரும் சொல்லிக்கொடுக்காமல் கண்டுபிடித்தது இவன் ஒருவன்தான். கொஞ்ச நேரம் கோபமாக இருந்தான், நம்ம பாட்டை எடுத்து வெள்ளைக்காரனுக்கு விற்றுவிட்டார்களே என்று. அவனுடைய பேடில் என்னென்ன இருக்கிறது என்று கேட்டேன். வரிசையாகத் தட்டிக் காட்டினான். பத்துப் படப் பாட்டின் தாளம், ஒரு சிங்கக் கர்ஜனை, யாரோ அடித்த பம்பை, யாரோ அடித்த உறுமி.

அப்புறம் 'பாய்ஸ்' போட்டேன். மூன்று தடவை கேட்டான். ஆரம்பத்தில் வருகிற மேளத்தை மட்டும் தனியாக வேண்டும் என்று புளூடூத்தில் வாங்கிக்கொண்டான். "வெட்டி பேட்ல ஏத்திட்டேன்னா, நாப்பது பேர் அடிக்கிற மாதிரி இருக்கும் சார். அடுத்த மாசம் காளியம்மன் திருவிழாவுக்கு வாங்க, கேக்கலாம்."

"யார் அடிச்சதுன்னு ஊர்ல கேட்டா என்னப்பா சொல்வே?"

"இது என்ன சார் கேள்வி? நான்தான்னு சொல்வேன்."